தானே சாய்த்த மரம் தானே எரியுமா?

புயலுக்குப் பின் மலையாகக் குவியும் மரக்கழிவை அபாயம் இல்லாமல் அகற்றுவது எப்படி?

நெய்வேலி, விழுந்த மரத்தால் வாழும் நகரம்!

கேட்க வியப்பாக இருக்கிறதா? உண்மை அதுதான். அங்கே பூமிக்கு அடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி ஒரு காலத்தில் மரமாக நின்றது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் சதுப்புக் காடு. மரங்கள் சாய்ந்தன. சேற்றில் புதைந்தன. மேலே மணலும் களிமண்ணும் வந்து மூடின. அழுத்தத்திலும் சூட்டிலும் மரம் கரியாக மாறியது. வெட்டி எடுக்கும் கட்டிகள் சிலவற்றில் மரத்தின் நார் வரி இன்றும் கண்ணுக்குத் தெரியும்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் நெய்வேலியின் தொடக்கம். 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின்சாரம் பிறந்தது.

இந்த நிலக்கரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குவித்து வைத்து மறந்துவிட்டால், யாரும் தீ வைக்காமலே தீப்பிடித்துக் கொள்ளும்! காற்று உள்ளே புகும். கரி மெல்ல மெல்லச் சூடாகும். சூடு வெளியேற வழி இருக்காது. ஒரு நாள் புகை வரும். அப்புறம் கங்கு தெரியும். ஆகவேதான் நெய்வேலியில் கரியைக் கொட்டி வைக்கும் இடங்களில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் தெளிப்பார்கள். முதலில் வந்த கரியை முதலில் அனுப்பி விடுவார்கள்.

கரிக்கு இருக்கும் அந்தக் குணம் மரத்துக்கும் உண்டா? உண்டு. புயலில் விழுந்த பச்சை மரத்துக்கே உண்டு!

மார்கழி மாதப் புயல்

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத மார்கழிக் காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரை ஏறியது. மியான்மர் நாடு வைத்த பெயர் அது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை இருந்தது.

தமிழ்நாட்டிலும் புதுவையிலும் 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. பல கிராமங்கள் பொங்கலை இருட்டில்தான் கொண்டாடின.

பண்ருட்டிப் பக்கம் தாத்தா வைத்த பலா, தகப்பனார் வைத்த முந்திரி என்று தலைமுறைத் தோப்புகள் ஒரே காலைப் பொழுதில் படுத்துவிட்டன. கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் நெய்வேலியும் தப்பவில்லை. நெய்வேலி நகரியம் மரங்களின் ஊர். அங்கே தெருக்களை ‘வட்டம்’ என்று எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் சாலை ஓரம் நிழல் மரங்கள். குவார்ட்டர்ஸ் வீடுகளின் தோட்டங்களில் மா, பலா, முருங்கை. அந்த மரங்களில் ஆயிரக்கணக்கானவை சாய்ந்தன. வெயிலே படாத சாலைகளில் வெயில் அடித்தது.

புயல் போய்விட்டது. மரம் கிடக்கிறது. அதை என்ன செய்வது?

இந்தக் கேள்வி சின்னதாகத் தோன்றும். வெட்டு, லாரியில் ஏற்று, ஊருக்கு வெளியே கொட்டு என்று சொல்லிவிடலாம். அப்படிச் செய்தால், ஊருக்குள் இருந்த ஆபத்து ஊருக்கு வெளியே போய்க் குடியேறும். அவ்வளவுதான். புயலில் பிழைத்தவர்கள், புயலுக்குப் பின் நடக்கும் வேலையில் சாவது உலகம் முழுவதும் நடக்கிறது.

பள்ளத்தில் ஒளியும் பிள்ளைகள்

வேரோடு சாய்ந்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தோடு சேர்ந்து பெரிய மண் வட்டம் ஒன்று சுவர் போல எழுந்து நிற்கும். அதன் கீழே பள்ளம் இருக்கும். பிள்ளைகளுக்கு அது குகை. கண்ணாமூச்சி ஆட அதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

அந்தப் பள்ளம் எமன் வாய்.

மண் வட்டம் எழுந்து நிற்பதற்குக் காரணம், மரத்தின் பாரம் மறுபக்கம் இழுத்துக் கொண்டிருப்பதுதான். மரம் வெட்டுபவர் அடிமரத்தை அறுக்கிறார். பாரம் நீங்குகிறது. மறு நிமிடம், வேரும் மண்ணும் ‘தடால்’ என்று பள்ளத்துக்கே திரும்பி வந்து மூடிக் கொள்ளும்! உள்ளே பிள்ளை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை. கூச்சல் போடக்கூட நேரம் இராது. ஆகவே அறுக்கும் முன் பள்ளத்தை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். யாரையும் அந்தப் பக்கம் அண்ட விடக்கூடாது.

இன்னொரு ஆபத்து, வளைந்து மாட்டிக் கொண்டிருக்கும் கிளை. அது வில் போன்றது. தப்பான இடத்தில் அரிவாள் பட்டால் தெறித்து முகத்தில் அடிக்கும். தழைக்குள் மின்கம்பி மறைந்து கிடப்பதும் உண்டு. “மின்சாரம்தான் இல்லையே!” என்று நினைத்துத் தொட்டுவிடக் கூடாது. பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் ஓடும். அந்த மின்சாரம் கம்பி வழியே திரும்பி வந்து ஆளை அடிக்கும். மின்வாரிய ஊழியர் வந்து பார்த்து ‘சரி’ என்று சொல்லும் வரை கை வைக்க வேண்டாம்.

வீணை ஆகும் மரமும் குப்பை ஆகும் மரமும்

சாய்ந்த மரம் எல்லாம் குப்பை அல்ல. இதை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். லாரியில் ஏற்றிய பிறகு பிரிப்பது நடக்காத காரியம்.

பண்ருட்டிப் பலா மரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தஞ்சாவூர் வீணை அந்த மரத்தில் செய்யப்படுவது. மிருதங்கத்துக்கும் பலாதான். நன்கு விளைந்த அடிமரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுவது, நெல் மூட்டையைக் குப்பையில் கொட்டுவதற்குச் சமம். தேக்கு, வேம்பு, பூவரசு, மா எல்லாவற்றுக்கும் மர அறுவை மில்லில் விலை உண்டு. ஆனால் புயல் வந்த வாரத்தில் ஊரெல்லாம் மரம் கிடக்கும். அப்போது வியாபாரி சொல்வதுதான் விலை. அவசரப்பட்டு விற்றால் நஷ்டம் விற்பவருக்கு.

சுவீடன் நாட்டுக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2005-ம் ஆண்டு ஜனவரி மாதம் ‘குட்ரூன்’ என்ற புயல் அங்கே சுமார் 7½ கோடி கன மீட்டர் மரத்தை ஓர் இரவில் சாய்த்தது. அவ்வளவையும் உடனே விற்க முடியுமா? வெறுமனே போட்டு வைத்தால் பூச்சி அரிக்கும், வெடிப்பு விடும். பியூஹோல்மா என்ற ஊரில் பழைய விமானத் தளம் ஒன்று இருந்தது. அங்கே சுமார் 10 லட்சம் கன மீட்டர் மரத்தை அடுக்கினார்கள். உலகிலேயே பெரிய மர அடுக்கு என்று அது பெயர் பெற்றது. அதன் மேல் குழாய் வைத்துத் தண்ணீர் தெளித்துக் கொண்டே இருந்தார்கள். நனைந்த மரத்தைப் பூச்சி தொடவில்லை. விலை ஏறியபோது கொஞ்சம் கொஞ்சமாக விற்றார்கள். நம் ஊர்க் கிழவர்கள் வெட்டிய மரத்தைக் குளத்துத் தண்ணீரில் ஊறப் போடுவார்களே, அதே யுக்தி!

அடிமரம் மில்லுக்குப் போகட்டும். கைப்பருமன் கிளை அடுப்புக்கு ஆகும். பலா இலையும் வேப்பந்தழையும் ஆட்டுக்கு ஆகும். இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் கழிவு. அதாவது சுள்ளி, காய்ந்த தழை, வேர்க்கட்டை. இதைத்தான் கிடங்குக்கு அனுப்ப வேண்டும்.

அதிலும் மற்ற பொருள் கலக்கக் கூடாது. சிமெண்ட் ஷீட் என்று நாம் சொல்லும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு புயலில் பறந்து உடைந்திருக்கும். அந்தத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார் இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். இருபது, முப்பது ஆண்டு கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிப்படும். அதைச் சம்மட்டியால் உடைக்கக் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, இருக்கிற துண்டை இருக்கிறபடியே எடுத்துத் தனியே கட்டி வைக்க வேண்டும். இது மரத்தோடு சேர்ந்து அரைக்கும் எந்திரத்துக்குள் போய்விட்டால் ஊர் முழுவதும் பரவும்.

நாலு லாரி ஒரு லாரி ஆகும்

தழையோடு கூடிய கிளைகளை லாரியில் ஏற்றிப் பாருங்கள். லாரி நிறைந்துவிடும். ஆனால் பாரம் இராது. உள்ளே பாதிக்கு மேல் காற்றுதான்! காற்றை ஏற்றிக் கொண்டு டீசலை எரிப்பது வீண் செலவு அல்லவா?

கிளையை எந்திரத்தில் விட்டுச் சீவல் சீவலாக அரைத்துவிட்டால், நாலு லாரிக் கழிவு ஒரு லாரிக்குள் அடங்கும். அமெரிக்காவில் புயல் கழிவு அகற்றுபவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் கணக்கு இது. எரித்தால் இன்னும் குறையும். இருபது லாரி ஒரு லாரிச் சாம்பல் ஆகும். “அப்படியானால் எரித்து விடலாமே!” என்று தோன்றும்.

பச்சை மரம் எரிவதில்லை, புகைகிறது. அந்தப் புகை கைக்குழந்தைக்கும், ஆஸ்துமாக்காரருக்கும், வயதான பெரியவர்களுக்கும் நஞ்சு. குப்பையை வெளியில் எரிப்பதை 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எரிப்பவருக்கு 5 ஆயிரம் ரூபாயும், பெரிய அளவில் எரிப்பவருக்கு 25 ஆயிரம் ரூபாயும் என்று தொகை விதித்தது. வேறு நாடுகளில் சிலர், குழிக்குள் மரத்தைப் போட்டு மேலே பலமாகக் காற்றடித்து, புகை வெளியேறாமல் எரிக்கிறார்கள். அதற்குத் தனி எந்திரமும் பழகிய ஆட்களும் வேண்டும். வேலி ஓரத்தில் தீக்குச்சி உரசுவது அது ஆகாது.

ஆகவே அரைப்பதே நல்லது. ஆனால் அரைத்த இடத்தில்தான் நாம் தொடங்கிய கதை திரும்பி வருகிறது.

வைக்கோற்போருக்குள் கையை விட்டவர்கள்

மார்கழி மாதக் காலையில் எருக்குழியைக் கிளறிப் பாருங்கள். ஆவி பறக்கும்! வெளியே குளிர் நடுக்குகிறது. குழிக்குள் சூடு எங்கிருந்து வந்தது? கண்ணுக்குத் தெரியாத கோடானு கோடி நுண்ணுயிர்கள் தழையையும் சாணத்தையும் தின்று கொண்டிருக்கின்றன. தின்னும்போது சூடு பிறக்கிறது.

அனுபவப்பட்ட குடியானவர் ஈர வைக்கோலைப் போர் போட மாட்டார். போட்டுவிட்டால் நாலாம் நாள் போருக்குள் கையை விட்டுப் பார்ப்பார். சுட்டால் உடனே பிரித்து விடுவார். அவர் புத்தகம் படித்துத் தெரிந்து கொண்டதல்ல அது.

அரைத்த மரச்சீவலும் ஈர வைக்கோல் போலத்தான். முழு மரமாகக் கிடந்தபோது காற்றும் நுண்ணுயிரும் மேல் பட்டையை மட்டும் தொட்டன. சீவலாக்கியதும் ஒவ்வொரு துண்டும் திறந்து கிடக்கிறது. தழையும் ஈரமும் கலந்திருக்கிறது. நுண்ணுயிர்களுக்குக் கல்யாண விருந்து! குவியலின் நடு வயிறு 60, 70 டிகிரி வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் நுண்ணுயிர்களே இறந்து போகின்றன. ஆனால் சூடு அடங்குவதில்லை. இப்போது மரமே காற்றோடு சேர்ந்து, நிலக்கரி சூடாவது போலச் சூடாகத் தொடங்குகிறது. குவியல் சிறிதாக இருந்தால் சூடு பக்கங்களில் கசிந்து போய்விடும். பெரிதாக இருந்தால் போர்வை போர்த்தியது போல உள்ளேயே நிற்கும். வாரங்கள் போகும். ஒரு நாள் கங்கு பிறக்கும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மலையாகக் குவித்தால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆபத்தும் அங்கேதான். பத்தடி உயரத்துக்கு மேல் குவிக்காமல் இருப்பது நல்லது. நீளமாக வரப்புப் போலப் போட வேண்டும். இரண்டு வரப்புக்கு நடுவே தீயணைப்பு வண்டி தாராளமாக நுழைந்து திரும்பும் அளவு இடம் விட வேண்டும். புல்டோசரை மேலே ஏற்றி மிதிக்கக் கூடாது. முதலில் அரைத்ததை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். நெய்வேலியில் கரிக்குச் செய்வதைத்தான் சொல்கிறோம்.

உள்ளே சூடு ஏறுவதை எப்படி அறிவது? நீண்ட இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே குத்தி வையுங்கள். சற்று நேரம் கழித்து உருவிப் புறங்கையை அருகே கொண்டு போங்கள். தொட முடியாத சூடு என்றால் குவியலைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. விடியற்காலையில் ஒரே இடத்தில் ஆவி எழுவதும், புளித்த வாடை மாறிக் கருகல் வாடை வருவதும் எச்சரிக்கை மணிகள். நீண்ட குச்சி வைத்த வெப்பமானியும் கிடைக்கிறது. அது இருந்தால் இன்னும் நல்லது.

கொச்சியில் எரிந்த 12 நாட்கள்

அடிவயிற்றில் பிடித்த தீயை அணைப்பது எளிதல்ல. மேலே தண்ணீர் அடித்தால் மேல்தோல் நனையும். உள்ளே கங்கு சிரித்துக் கொண்டிருக்கும்.

2023-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி கொச்சியில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது. அது புயல் கழிவு அல்ல, நகரக் குப்பை. ஆனாலும் குவியல் தீயின் குணம் ஒன்றுதான். ஏறக்குறைய 12 நாட்கள் போராடினார்கள். நகரம் புகைக்குள் மூழ்கியது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கடைசியில் பலித்த வழி எது? மண் வாரும் எந்திரங்களைக் கொண்டு குப்பையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கிளறினார்கள். கிளறிய இடத்தில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கிலும் இதுபோலத் தீ பல நாள் ஓயவில்லை.

மரச்சீவல் குவியலுக்கும் அதே வைத்தியம்தான். தண்ணீர் வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக் கொள்ள வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து பிரிக்க வேண்டும். நடுவில் ஒரேயடியாகத் திறந்தால் காற்றுப் பட்டு ‘குப்’பென்று பற்றிக் கொள்ளும். புகைகிற குவியல் மேல் ஆள் ஏறவே கூடாது. அடியில் எரிந்து குகையாகி இருக்கும். மேலே மிதித்தவர் உள்ளே போவார்.

கொட்டும் இடம் எது?

இடம் பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஏரிக்குள் கொட்டக் கூடாது. ஓடைக் கரையில் கொட்டக் கூடாது. அடுத்த மழையில் கழிவு மிதந்து வந்து மதகை அடைக்கும். மின்கம்பிக்குக் கீழே கூடாது. குடிநீர்க் கிணற்றுக்கு அருகே கூடாது. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தள்ளி இருக்க வேண்டும். லாரி வந்து போகப் பாதை வேண்டும். வாசல் ஒன்றே ஒன்று போதும். அங்கே ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, வந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும்.

கிடங்கில் லாரி பின்னால் வரும் நேரம் மிகக் கெட்ட நேரம். ‘வா, வா’ என்று கை காட்டும் கிளீனர் லாரிக்கு நேர் பின்னால் நிற்பது நம் நாட்டு வழக்கம். அங்கே நின்றால் டிரைவருக்கு அவர் தெரிய மாட்டார். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி தள்ளி நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் மறைந்தால் டிரைவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும்.

அரைக்கும் எந்திரம் இன்னொரு அரக்கன். சேலைத் தலைப்பு, துண்டு, தொள தொள சட்டை எது மாட்டினாலும் ஆளை இழுத்துக் கொள்ளும். தழையை நீண்ட கழியால் தள்ள வேண்டும். கையாலோ காலாலோ தள்ளக் கூடாது. கட்டையில் ஆணி இருந்தால் துப்பாக்கிக் குண்டு போலத் தெறித்து வரும். தூய்மைப் பணியாளருக்குக் காலணி, கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் போட்டுக் கொள்வதில்லை என்று ஒரு குறை சொல்வார்கள். கொடுக்கும் செருப்பு காலுக்குச் சேருகிறதா என்று யாரும் கேட்பதில்லை!

பாம்பும் தேளும் குவியலில் குடியிருக்கும். தேங்காய் மட்டை, பழைய டயர், ஓட்டைப் பாத்திரம் எல்லாம் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். டெங்கு கொசுவுக்கு அது பிரசவ ஆஸ்பத்திரி. கவிழ்த்துப் போட்டால் போதும்.

வண்டும் கறையானும் சவாரி செய்யும்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி ‘கஜா’ புயல் வந்தது. தஞ்சை, புதுக்கோட்டை, நாகை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. பிள்ளையைப் போல வளர்த்த தென்னையைப் பார்த்து அழாத விவசாயி இல்லை. அழுகையோடு இன்னொரு கவலையும் வந்தது. மட்கும் தென்னை மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டை இடும். அந்தப் புழு வளர்ந்து வண்டாகி, பிழைத்து நிற்கும் தென்னையின் குருத்தைக் குடையும். அதாவது விழுந்த மரம், நிற்கிற மரத்தைக் கொல்லும்! தென்னங்கட்டையைத் தோப்பிலேயே போட்டு வைக்கக் கூடாது என்பது இதனால்தான். துண்டாக்கித் தூளாக்க வேண்டும். தூளை மட்க வைக்கும் குழியில் ‘மெட்டாரைசியம்’ என்ற பச்சைப் பூசணத்தைக் கலந்தால் அது வண்டின் புழுவைக் கொன்றுவிடும்.

கழிவு மரத்தை ஊர் விட்டு ஊர் கொண்டு போவதிலும் வில்லங்கம் உண்டு. 2005-ம் ஆண்டு அமெரிக்காவில் ‘காத்ரீனா’ புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை அழித்தது. அந்தப் பகுதியில் ஒரு பொல்லாத கறையான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பலில் வந்த மரப் பெட்டிகளோடு அது வந்ததாகச் சொல்வார்கள். புயல் மரத்தோடு கறையானும் மற்ற ஊர்களுக்குப் போய்விடும் என்று பயந்து, அங்கிருந்து மரக்கழிவை வெளியே கொண்டு போக லூசியானா மாநில அதிகாரிகள் தடை போட்டார்கள்.

நெய்வேலி மண்மேட்டுக்கு ஒரு போர்வை

சீவலாக்கியாயிற்று. குவியலும் பத்திரம். அதை எங்கே சேர்ப்பது?

நெய்வேலிக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. அங்கே ஒரு டன் கரியை எடுப்பதற்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணைத் தோண்டித் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த மண்தான் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும் மண்மேடுகள். அடி ஆழத்திலிருந்து வந்த மண். அதில் சத்து இல்லை. வெயிலில் இறுகும், மழையில் கரையும். அதில் மரம் வளர்ப்பதற்கு நிறுவனம் பல காலமாகப் பாடுபட்டு வந்திருக்கிறது. நிரப்பிய சுரங்கப் பகுதியில் இன்று தோப்பு இருக்கிறது, ஏரி இருக்கிறது, பறவைகள் வருகின்றன.

இப்படிப்பட்ட மண்ணுக்கு மரச்சீவலைவிட நல்ல போர்வை கிடைக்காது. இயற்கை விவசாயிகள் இதை ‘மூடாக்கு’ என்பார்கள். நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காயாது. மழைத்துளி மண்ணை அறுக்காது. களை முளைக்காது. ஒன்று மட்டும் நினைவில் இருக்க வேண்டும். பச்சைச் சீவலை மண்ணுக்குள் கலந்து உழுதுவிடக் கூடாது. அது மட்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தானே எடுத்துக் கொள்ளும். பயிர் மஞ்சளாகும். மேலே பரப்பலாம். அல்லது சாணக் கரைசல் தெளித்து, மாதம் ஒரு முறை கிளறிவிட்டு, நன்றாக மட்கிக் கறுத்த பிறகு மண்ணில் கலக்கலாம்.

வீட்டுத் தோட்டத்துக்கும் இது ஆகும். செடியின் தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடவேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டால் கறையானுக்குத் தாம்பூலம் வைத்து அழைத்தது போல ஆகும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. கடலூர்க் கரைக்குப் புயல் வரும் மாதங்கள் அதற்குப் பிறகுதான். ஆவணி, புரட்டாசியிலேயே கொட்டும் இடத்தைப் பார்த்து வைத்து, அரைக்கும் எந்திரம் யாரிடம் இருக்கிறது, வாடகை என்ன என்று எழுதி வைத்துக் கொண்ட ஊர், புயல் அன்று ஓடித் தவிக்க வேண்டியதில்லை. காய்ந்த கொப்பையும் பட்ட மரத்தையும் அப்போதே வெட்டிவிட்டால், புயல் தள்ளும் கழிவில் அவ்வளவும் குறையும்.

வேலை முடிந்து கடைசி லாரி வெளியேறிய பின்னும் கிடங்கில் ஒரு காரியம் பாக்கி இருக்கும். தரையில் ஆணியும் கம்பித் துண்டும் சிதறிக் கிடக்கும். பெரிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரை நெடுக இழுத்தால் அவை ஒட்டிக் கொண்டு வந்துவிடும். மழைக்குப் பின் அங்கே முதலில் புல் முளைக்கும். புல்லைத் தேடி மாடு வரும்.